ஓமனிலிருந்து திரும்பாத கை

பாகலூர் சென்னம்மாளுக்குப் பிள்ளைகள் நால்வர். மூத்தவன் உத்தனப்பள்ளியில் பெண் எடுத்து மாமனார் வீட்டோடு தங்கிவிட்டான். அடுத்தது பெண், மாலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள், அவள் பிள்ளைகள் இப்போது வீட்டிலும் கன்னடம்தான் பேசுகிறார்கள். கடைசி மகன் பாலித்தீன் கூரை போட்ட ரோஜாக் குடிலில் மருந்து அடிக்கிறான். இவர்களுக்கு நடுவில் பிறந்தவன் முனிவேல், பதினோரு வருஷம் ஓமனில் கல் லாரி ஓட்டியவன். இது அவனுடைய கதை. சரியாகச் சொன்னால், அவன் கைகளின் கதை.

அவன் விமானம் ஏறும்போது மகள் பிரவீனா பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. திரும்பி வந்தபோது அவள் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. நடுவில் அவன் அப்பன் செத்துப் போனார். அங்கே ஓமனில் சோகார் ரோட்டோரம் லாரியை நிறுத்திவிட்டு, அப்பனைக் குழியில் இறக்குவதை முனிவேல் போனில் பார்த்தான். மண் தள்ளும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது.

அதனால்தான் அவன் வந்து இறங்கிய அன்றே பெண்சாதி பூவம்மாள் சொல்லிவிட்டாள்: "மறுபடியும் பெட்டி கட்டறதா இருந்தா சொல்லிடு. இந்த வீட்டுல ஆம்பள இல்லைன்னு நானும் ஒரே முட்டா நெனச்சிக்கறேன்."

அவனுக்கும் போக மனசில்லை. ஆனால் நிலம் குத்தகையில் இருக்கிறது, வேறு தொழிலும் தெரியாது. ஸ்டீயரிங் ஒன்றுதான் தெரியும். அதுவும் இங்கே கைவிட்டால் ஓமன்தான். அங்கிருந்த மலையாளத்து மேஸ்திரி மாசம் ஒருமுறை போன் போட்டு, "உன் சீட்டு காலியாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேற்கு ஓசூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பூபதி அவனுக்கு ஒரு வேன் கொடுத்தார். முதல் ஷிப்ட் பெண்களை ஏற்றிப் போகிற வேன். பாகலூரில் கிளம்பி, ஓசூரில் கொஞ்சம் பேர், மத்திகிரி வாடகை வீடுகளில் கொஞ்சம் பேர், அப்புறம் கெலமங்கலம் ரோட்டில் கம்பெனி. பிரவீனாவும் அதே கம்பெனி, அதே வேன். அப்பன் ஓட்ட மகள் வேலைக்குப் போகிறாள் என்று பூவம்மாள் தெருவெல்லாம் சொல்லி முடித்தாள்.

ஆரம்பத்தில் வேனில் இருந்த புகார் ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் ரொம்ப ஒழுங்கு. விடியற்காலையில் ஒரு ஈ காக்கை இல்லாத ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நிற்பான். ரவுண்டானாவில் சுற்றி வருகிற வண்டிக்கு வழி விட்டு, அடுத்த வண்டிக்கும் வழி விட்டு, ஊரே போன பிறகு உள்ளே நுழைவான். ஹாரன் அடிக்க மாட்டான். ரோட்டைக் கடக்கப் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டில் ஒரு கிழவி கால் வைத்தால் வண்டி நின்றுவிடும். அந்தக் கிழவி பயந்துபோய்த் திரும்பி நடைபாதையில் ஏறிக்கொள்வாள்.

"அண்ணா, அந்தம்மா தாண்டறதுக்கு நிக்கல, பஸ்ஸுக்கு நிக்குது!" என்பாள் மேகலா. பிரவீனாவோடு ஒரே லைனில் வேலை பார்க்கிறவள், வாய் ஓயாதவள். "இது துபாய் இல்லண்ணா."

"ஓமன்மா."

"ரெண்டும் ஒட்டகம்தானே. லேட்டா போனா எங்க சூப்பர்வைசர்தான் ஒட்டகம் மாதிரி பாக்கறாரு. கொஞ்சம் மிதிங்க."

பிரவீனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பனைக் கிண்டல் செய்தால் அவளுக்குத்தான் சுடும்.

மத்திகிரியில் ஏறுகிற ராசாத்தி மட்டும் அவனுக்காகப் பேசுவாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, புருஷன் சுடலைமுத்துவோடு பிழைக்க வந்தவள். "சும்மா கெடங்கட்டி. அண்ணாச்சி வண்டியில நான் நிம்மதியா தூங்குதேன். முந்தி ஓட்டினவன் வண்டியில சாமிய கும்பிட்டுக்கிட்டேதான் வருவேன்."

அந்த நிம்மதி என்ற வார்த்தை பின்னால் முனிவேலைப் படாத பாடு படுத்தியது.

ஒரு நாள் ஓசூரில் பங்க்கில் டீசல் போட்டுவிட்டு வெளியே வந்தான். தூறல் விட்டிருந்தது, சர்வீஸ் ரோட்டில் வண்டி எதுவும் இல்லை. திருப்பி, சாவகாசமாகப் போனான். எதிரே ஒரு ஆட்டோ வந்தது. வேனுக்கு நேராக வந்து, லேசாக வளைந்து, சுற்றிக்கொண்டு போனது. அதன் டிரைவர் ஒரு கையையும் தூக்கிக் காட்டினார். பின்னால் வந்த பைக்காரனும் அதே மாதிரி வளைந்து போனான். இவனுங்க எல்லாம் ஏன் என் பக்கம் வர்றானுங்க என்று முனிவேலுக்கு எரிச்சல் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அவர்கள் அவன் பக்கம் வரவில்லை. அவன்தான் வலது ஓரத்தில் போய்க்கொண்டிருந்தான், ஓமனில் போகிற மாதிரி.

பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது.

"அண்ணனுக்கு ஊர் ஓட்டம் வந்துடுச்சுடி!" மேகலா கத்தினாள். "ராங் சைடுலயே போயி யூ-டர்ன மிச்சம் புடிச்சிட்டாரு பாத்தியா!"

அன்றைக்குக் கம்பெனி வாசலில் பிரவீனாகூட இறங்கும்போது லேசாகச் சிரித்தாள்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. ஓமனில் ஒருவன் எதிர்ப்பக்கம் போனால் ஊரே நடுங்கும், போலீஸ் வரும், உரிமம் போகும். ஓசூர் சர்வீஸ் ரோட்டில் எதிர்ப்பக்கம் வராதவன் யார்? பால்காரன் வருவான், கல்யாண கார் வரும், சமயத்தில் ரோட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களின் ஜீப்பே வரும். அதற்கு ஒரு முறையும் இருக்கிறது: எதிர்ப்பக்கம் வருகிறவன் ஓரத்தை ஒட்டி வர வேண்டும், நேராக வருகிறவன் நடுப்பக்கம் வளைந்து அவனைச் சுற்றிப் போய்விட வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். அதனால் முனிவேல் செய்த தப்பு யார் கண்ணிலும் தப்பாகப் படவில்லை. மற்றவர்கள் தெரிந்து போகிறார்கள். அவன் தெரியாமல் போனான். அந்த வித்தியாசம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ரோட்டில் வண்டிகள் இருந்தால் பயமில்லை, முன்னால் போகிறவன் வாலைப் பிடித்துக்கொண்டு கை இடது பக்கமே போய்விடும். ஆளில்லாத ரோட்டில்தான் கை பழைய ஊருக்குப் போய்விடுகிறது. அதிலும் எங்காவது நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கிற அந்த முதல் திருப்பத்தில்.

இரண்டாவது முறை பாகலூரிலேயே நடந்தது. பெண்கள் யாரும் ஏறுவதற்கு முன்னால், காலி வண்டி. அன்று அவனே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டான். எப்படி என்றால், புளியமரம் ஒன்று அவன் ஜன்னலை ஒட்டிக் கடந்து போனது. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம், வண்டி போவது வலது ஓரம். இங்கே ஸ்டீயரிங் வலது பக்கம், வண்டி போவது இடது ஓரம். எந்த ஊரானாலும் டிரைவர் நடுரோட்டுப் பக்கம்தான் உட்காருவான். ஓரத்து மரம் அவன் முழங்கைக்கு அருகில் வரவே கூடாது. வந்தால் தப்பான பக்கத்தில் இருக்கிறான் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் பூபதியிடம் போய் நின்றான்.

"பூபதி, ஒரு விஷயம். ரெண்டு தடவ ராங் சைடுல போயிட்டேன்."

பூபதி டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "யாராச்சும் புடிச்சாங்களா?"

"இல்ல."

"இடிச்சீங்களா?"

"இல்லப்பா, நான் சொல்றது என்னன்னா, தெரியாமயே..."

"அண்ணா, ராங் ரூட்டுல போயிட்டேன்னு ஆபீசுக்கு வந்து மன்னிப்பு கேட்ட மொத டிரைவரு நீங்கதான். போங்க. போட்டோ எடுத்து மாட்டி வெக்கறேன்."

முனிவேல் அதோடு விட்டுவிட்டுக் கிளம்பினான். விளக்கமாகச் சொன்னால் சாவியைக் கேட்பார். சாவி போனால் மேஸ்திரியின் போன்தான். வீட்டில் பூவம்மாள் நல்ல மனசோடு கம்பங்கூழ் கரைத்து வைத்திருந்தாள். "உன் முகம் ஏன் இப்படி இருக்குது?" என்று கேட்டதற்கு, "தூக்கம் பத்தல" என்றான்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அவனுக்குப் பரீட்சைதான். வண்டி எடுக்கும்போது இடது, இடது என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வான். பின்னால் பத்துப் பதினைந்து பேர் தூங்குவார்கள். கண்ணாடியில் பார்த்தால் ராசாத்தி வாயைத் திறந்து, சின்னக் குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருப்பாள். பிரவீனா துப்பட்டாவால் காதை மூடிச் சாய்ந்திருப்பாள். இத்தனை பேருக்கும் வீட்டில் யாராவது சோறு ஆக்கி வைத்துக் காத்திருப்பார்கள் என்று நினைப்பு ஓடும். உடனே ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். அப்பன் குழியில் ஒரு பிடி மண் போடாத கை இது, மகளை என்ன செய்யுமோ என்றுகூட ஒரு நாள் தோன்றிவிட்டது.

தை பிறந்து பனி இறங்கியது. ஓசூர்ப் பனி தெரியும்தானே, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு கரைந்து போகும். அன்று மத்திகிரியில் ராசாத்தியும் ஏறியாகிவிட்டது. மாட்டுப் பண்ணையைத் தாண்டிய பிறகு ஒரு டயரில் காற்று கம்மியாக இருக்கிற மாதிரி தெரிந்தது. வழியில் இருந்த பங்க்கில் நிறுத்திக் காற்று பிடித்தான். மேகலா தலையை நீட்டி, "சீக்கிரம்ணா, கேட்டு மூடிடுவாங்க" என்றாள். காற்று அடிக்கிற பையன் தாமதம் செய்தான். முனிவேல் அவசரத்தில் ஏறி, கியர் போட்டு, வெளியே திருப்பினான்.

இடது, இடது என்று சொல்லிக்கொள்ள அன்று மறந்து போனான்.

ரோடு வெள்ளையாக இருந்தது. கோடு தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனான். வளைவு ஒன்று வந்தது. அப்போது அவன் முழங்கைக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு வெளியே, சுண்ணாம்பு அடித்த மரம் ஒன்று பனியிலிருந்து வந்து பின்னால் போனது. அடுத்து ஒரு மைல்கல்.

தப்பான பக்கம் என்று முனிவேலுக்குப் புரிந்தது. அதே நேரம் எதிரே இரண்டு மஞ்சள் விளக்கு, நேர் எதிரே, எரிந்து எரிந்து அணைந்தது. வருகிறேன், விலகு என்று அர்த்தம்.

இடது பக்கம் ஒடி என்று புத்தி சொன்னது. உன் பக்கம் அதுதான், அங்கே போய்ச் சேர். கை கேட்கவில்லை. பதினோரு வருஷம் பாலைவன ரோட்டில் ஆபத்து என்றால் வலது ஓரம் என்று பழகிய கை, புத்தியைத் தள்ளிவிட்டு வலது பக்கமே இழுத்தது. வண்டி மண்ணில் இறங்கிக் குலுங்கியது. வலது பக்க டயர் பள்ளத்து விளிம்பில் போய் நின்றது. எதிரே வந்தது ஒரு குட்டியானை மினி லாரி, ரோஜாப் பெட்டிகள் ஏற்றியது. ஊர் முறைப்படி அது நடுப்பக்கம் வளைந்து சுற்றி வந்தது. வேனின் இடது கண்ணாடியை மட்டும் சில்லுச் சில்லாக உடைத்துக்கொண்டு தாண்டி நின்றது.

முனிவேல் இடது பக்கம் ஒடித்திருந்தால் இரண்டும் நேருக்கு நேர். அது அவனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

வேனுக்குள் ஒரே அலறல். யாருக்கும் அடி இல்லை, ஒருத்தியின் டிபன் டப்பா மட்டும் திறந்துகொண்டு புளிசாதம் தரையெல்லாம் கொட்டியிருந்தது. குட்டியானைக்காரன் இறங்கி ஓடி வந்தான், கன்னடத்துக்காரன்.

"ஏனண்ணா, கண்ணு காணல்வா?"

"தப்பாயித்தண்ணா," என்றான் முனிவேல். தப்பை ஒப்புக்கொள்கிற அளவுக்கு அவனுக்கும் கன்னடம் தெரியும்.

குட்டியானைக்காரன் பள்ளத்தைப் பார்த்தான், டயரைப் பார்த்தான், உள்ளே இருந்த பெண்களைப் பார்த்தான். கோபம் பாதியில் இறங்கிவிட்டது. அரைத் தமிழில் சொன்னான்: "ராங்ல வந்தா மொதல்லயே ஓரமா வரணும் அண்ணா. பரவால்ல, கடைசில கரெக்டா ஓரம் கட்டிட்டீங்க. இல்லன்னா ரெண்டு பேருக்கும் இந்த ரோஜாவே மாலைதான்." ஏர்போர்ட்டுக்கு நேரமாகிறது என்று ஓடிப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு மறைந்தான்.

மேகலாவுக்கு உயிர் திரும்பியதும் வாயும் திரும்பியது. "அண்ணன் கை இருக்கே, மெஷினுடி! எப்படி வளைச்சாரு பாத்தியா? வேற டிரைவரா இருந்தா இன்னிக்கு நாம பேப்பர்ல!"

"ஆமாண்ணா," "சாமி மாதிரி" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இன்னொருத்தி பாட்டிலில் தண்ணீர் கொடுத்தாள். பனி, அவசரம், பங்க் பையன் என்று சாக்குகளும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அன்றோடு முடிந்துவிடும். கண்ணாடிக்குப் பூபதி திட்டுவார், அவ்வளவுதான்.

முனிவேல் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான். சாவியைப் பிடுங்கி டேஷ்போர்டில் வைத்தான்.

"நான் வளைக்கல," என்றான். "கை வளைச்சது."

"என்னண்ணா?"

"நான் ராங்ல வந்ததே எனக்குத் தெரியாது. பங்க்குல இருந்து எடுத்தப்ப ஓமன்ல எடுக்கற மாதிரி எடுத்துட்டேன். அன்னிக்கு சர்வீஸ் ரோட்டுல கை தட்டினீங்களே, அதுவும் அப்படித்தான். நடுவுல ஒரு நாளும் ஆச்சு. ரோடு காலியா இருந்தா என் கை இந்த ஊருல இருக்கறதில்ல."

முதலில் பேசியது, அவனுக்காக எப்போதும் பேசுகிற ராசாத்தி.

"அப்பம் தெரிஞ்சேதான் எங்கள ஏத்திக்கிட்டு வந்தியளா, அண்ணாச்சி?"

"ஆமா."

"நான் தூங்கிக்கிட்டு வந்தேனே! ஒங்கள நம்பில்லா தூங்குனேன்! எனக்கு ரெண்டு பிள்ளையள் கெடக்கு வீட்டுல!" அவள் குரல் உடைந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் முழிச்சிருந்திருப்பேம்லா?"

"பூபதிகிட்ட சொன்னேன், சிரிச்சாரு."

"பூபதியா இந்த வண்டியில வாராரு? நாங்கல்லா வாரோம்!"

பிரவீனா எழுந்து கதவைத் திறந்து கீழே இறங்கினாள். அப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து இன்னும் நான்கைந்து பேர் இறங்கினார்கள். பனியில் ரோட்டோரம் நின்றுகொண்டு ஒருத்தி சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள், இன்னொருத்தி அழுதாள். வேறு வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்று பூபதி போனில் சொன்னார். ஷிப்ட் போய்விடும், அரை நாள் சம்பளம் போய்விடும். அதுவரை யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ராசாத்திதான் மூக்கைச் சிந்திவிட்டு முன்பக்கம் வந்தாள். இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க வண்டிய."

"வேணாம்மா. என்னால..."

"எடுங்கன்னு சொல்லுதேம்லா. ஒங்க கை எந்த ஊருக்குப் போவுதுன்னு நான் பாத்துக்கிடுதேன். எடுக்கதுக்கு முன்ன சொல்லுங்க, இப்பம் எந்த ஊருல இருக்கிய?"

முனிவேல் விழித்தான்.

"சொல்லுங்க! வாயால சொன்னாத்தான் நான் விடுவேன்."

"ஓசூரு," என்றான்.

"அப்பம் எந்தப் பக்கம்?"

"எடது."

"ம். எடுங்க."

இறங்கியவர்கள் ஏறினார்கள், பிரவீனாவைத் தவிர. அவள் வேறு வண்டிக்குக் காத்திருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டாள். அவளுக்குத் துணையாக மேகலாவும் நின்றாள். பனியில் மகளை ரோட்டோரம் விட்டுவிட்டுக் கிளம்பியதில், கம்பெனி வரைக்கும் முதல் கியரிலேயே போன மாதிரி முனிவேலுக்கு இருந்தது.

சாயங்காலம் பூபதி அவனைக் கூப்பிட்டுக் குதித்தார். கண்ணாடி உடைந்ததற்கு இல்லை, வாயைத் திறந்ததற்கு. கம்பெனிக்குத் தெரிந்தால் வண்டியே போகும் என்றார். சாவியை வாங்கி மேசை டிராயரில் போட்டார். முனிவேல் வீட்டுக்கு வந்து பூவம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டது ஒன்றுதான்: "பெட்டிய எறக்கட்டுமா?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பரண் பக்கம் போகவில்லை, அடுப்புப் பக்கம் போனாள்.

மறுநாள் வேறு டிரைவர் வந்தான். போனில் பேசிக்கொண்டே ஓட்டினான். இரண்டாம் நாள் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் நுழைந்து பார்த்தான். மூன்றாம் நாள் ராசாத்தியும் இன்னும் சிலரும் பூபதியின் ஆபீஸுக்கே போனார்கள்.

"தப்புன்னு தெரியாம ஓட்டுதவரு வேணுமா, தப்புன்னே நெனைக்காம ஓட்டுதவன் வேணுமான்னு நாங்க பேசிக்கிட்டோம்," என்றாள் ராசாத்தி. "அண்ணாச்சிய விடுங்க. முன் சீட்டுல முழிச்சிக்கிட்டு ஒருத்தி இருப்போம்."

பூபதி டிராயரைத் திறந்தார். இன்னொரு தடவை ஆனால் கதவு மூடிவிடும் என்றும் சொன்னார்.

அப்படித்தான் இன்றைக்கும் அந்த வேன் ஓடுகிறது. எங்கே நின்று எடுத்தாலும் முன் சீட்டுக்காரி கேட்பாள்: "எந்த ஊரு?" முனிவேல் சொல்லாமல் கியர் விழாது. முதலில் பயத்தோடு கேட்டார்கள், பிறகு வேன் முழுக்கக் கூட்டமாகக் கத்திக் கேட்டார்கள். மேகலா, "ஒட்டகம் எங்க நிக்குது?" என்றும் கேட்பாள். அவன் கோபப்பட்டதில்லை. அந்தக் கேள்வி இல்லாத காலையை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மேஸ்திரி போன் வந்தால், "வண்டியில இருக்கேன்" என்று வைத்துவிடுகிறான்.

பிரவீனா மட்டும் மாசி முடிகிற வரைக்கும் வேறு வண்டியில் போனாள். வீட்டில் சோறு போடுவாள், பேச மாட்டாள். மாசிக் கடைசியில் ஒரு நாள் அந்த வண்டி பஞ்சர். பாகலூரில் நின்றுகொண்டிருந்த அப்பன் வேனில் வந்து முன் சீட்டில் ஏறினாள். வேறு யாரும் இன்னும் ஏறவில்லை. காது முழுக்க ஹெட்போன், கண் போனில்.

முனிவேல் சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமியது. கை கியரில் இருந்தது. எதிரே விடியாத ரோடு, ஒரு வண்டி இல்லை. அவன் எடுக்கவில்லை. காத்துக்கொண்டே இருந்தான்.

அவள் நிமிர்ந்தாள். "என்னப்பா, போலாமில்ல?"

"கேளும்மா."

"என்ன கேக்கணும்?"

"உனக்குத் தெரியும். கேளு."

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். அப்பனின் கையைப் பார்த்தாள். அது இன்னும் கியர் போடவில்லை.

"எந்த ஊரு?" என்றாள்.

"பாகலூரு."

"எந்தப் பக்கம்?"

"எடது."

போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, பிரவீனா ரோட்டைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.